குறைந்த செலவில் முதல் விளையாட்டுக் கணிப்பொறி: உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணிப்பொறியை முழுமையாக வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டு இளைஞரிடையே பரவியுள்ளது. டில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில், கையில் ஒரு பட்டியலுடன் கடை கடையாக ஏறி இறங்கும் மாணவர்களைக் காணலாம். அவர்களுள் பலர் நாடுவது, திரையில் ஓடியாடும் விளையாட்டுகளைத் தடையின்றி நடத்தவல்ல ஒரு யந்திரமே ஆகும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் பொருந்தாது. விளையாட்டுக்கென அமைத்த கணிப்பொறியே முப்பரிமாணச் சித்திரம் வரைதல், திரைப்படத் தொகுப்பு, நிரல் எழுதப் பயிலுதல் ஆகியவற்றுக்கும் நன்கு பயன்படுகின்றது. மின்விளையாட்டு எனப்படும் இ-ஸ்போர்ட்ஸ், பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக 2022 டிசம்பரில் மத்திய அரசின் ஏற்பைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் வேறு. அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் இயற்றியது. அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

இத்தகைய யந்திரத்துக்குச் செலவிடப்படும் தொகை, பல இல்லங்களில் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த பணமாகும். வாங்குமுன் பெற்றோர் ஊரிலுள்ள ஆசிரியரையோ களப்பணியாளரையோ அணுகி யோசனை கேட்பது இயல்பு. கூறத்தக்க யோசனை இரண்டு வாக்கியங்களில் அடங்கும்: திரையில் தொடங்கிப் பின்னோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும், மின்சாரம் வழங்கும் உறுப்பில் சிக்கனம் காட்டலாகாது. இவற்றின் காரணங்களை ஈண்டு நோக்குவோம்.

திரையே தொடக்கம்

விளையாட்டில் நாம் காணும் அசைவு, அடுத்தடுத்துத் தோன்றும் நிலைப்படங்களின் தொடரே ஆகும். விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை ஆக்குவதற்கு யந்திரத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. விநாடிக்கு 144 படங்கள் காட்டும் திரையாயின் அந்நேரம் 6.9 மில்லி விநாடியாகச் சுருங்குகின்றது.

படத்தின் அளவும் இங்கு முக்கியம். 1920 × 1080 என்னும் திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36,86,400 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ 1.8 மடங்கு. 3840 × 2160 திரையில் சரியாக 4 மடங்கு. புள்ளிகள் பெருகப் பெருக, அவற்றுக்கு நிறம் கணிக்கும் உறுப்பின் வேலையும் பெருகும். ஆகவே, பணம் குறைவாக உள்ளவர் 1920 × 1080 அளவுத் திரையை இலக்காகக் கொள்வதே அறிவுடைமை. பெரிய திரையை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் அதனை இயக்க வலிமையின்றித் தவிப்போர் பலர்.

இரு தொழிலாளிகள்

ஒவ்வொரு படத்தையும் இரு உறுப்புகள் சேர்ந்து ஆக்குகின்றன. பிராசஸர் என்னும் மையச் செயலகம், யார் எங்கே நிற்கிறார், எப்பொருள் எத்திசையில் நகர்கிறது என்று கணக்கிட்டுக் கட்டளையிடுகின்றது. கிராபிக்ஸ் கார்டு அக்கட்டளைப்படி படத்தைத் தீட்டுகின்றது. கிணற்றில் ஏற்றம் இறைப்பவனும் வயலில் மடை திருப்புபவனும் போன்றவை இவை. இருவருள் எவன் மெதுவானவனோ, அவனுடைய வேகமே பாசனத்தின் வேகம்.

எடுத்துக்காட்டாக, ஒரு படத்துக்குப் பிராசஸர் 8 மில்லி விநாடியும் கிராபிக்ஸ் கார்டு 20 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்வதாகக் கருதுவோம். விநாடிக்கு 50 படங்களே வெளிவரும். மேலும் பணம் கொடுத்துப் பிராசஸரின் நேரத்தை 5 மில்லி விநாடியாகக் குறைத்தாலும் அதே 50 படங்களே கிடைக்கும். அப்பணத்தைக் கார்டில் இட்டு அதன் நேரத்தை 10 மில்லி விநாடியாகக் குறைப்பின் 100 படங்கள் கிடைக்கும். ஆனால் திரை விநாடிக்கு 60 முறை மட்டுமே மாறுமாயின், கண்ணுக்குக் கிடைப்பது அறுபதே. இக்கணக்கை வகுப்பில் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

பெரும்பாலான விளையாட்டுகளில் மெதுவான தொழிலாளி கிராபிக்ஸ் கார்டே. எனவே, திரை நீங்கலான மொத்தத் தொகையை 100 ரூபாய் எனக் கொண்டால், பங்கீட்டின் தொடக்கமாகப் பின்வரும் அளவுகளை வைத்துக்கொள்ளலாம்:

கிராபிக்ஸ் கார்டு: 38
பிராசஸர்: 18
மதர்போர்டு: 13
ராம் என்னும் நினைவகம்: 9
எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம்: 8
மின்வழங்கி: 8
கேபினெட்டும் விசிறிகளும்: 6

இவை வழிகாட்டும் அளவுகளே. சந்தை நிலைக்கேற்ப மாற வேண்டியவை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிற்று. அத்தகைய காலத்தில் ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் கூடுதலாக ஒதுக்கிப் பிறவற்றைச் சுருக்க நேரிடும். எனினும், வண்ண விளக்குகளுக்காக எதனையும் சுருக்குதல் தகாது.

தனிக் கார்டு ஏன் வேண்டும்?

சில பிராசஸர்களுள்ளேயே படம் தீட்டும் பகுதி அமைந்துள்ளது. அங்ஙனமிருக்கத் தனிக் கார்டு எதற்கு என்னும் கேள்வி எழலாம். விடை, நினைவகத்தினின்று செய்தி பாயும் வேகத்தில் உள்ளது. டி.டி.ஆர்.4-3200 வகை ராம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிகாபைட் செய்தியை அனுப்பவல்லது. இரண்டு ராம்களை உரிய இடங்களில் பொருத்தினால் இருவழி திறந்து 51.2 ஜிகாபைட் ஆகின்றது. 2021இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 என்னும் எளிய கார்டிலோ, அதற்கே உரிய 8 ஜிகாபைட் நினைவகம் விநாடிக்கு 224 ஜிகாபைட் வேகத்தில் இயங்குகின்றது. வாய்க்காலின் அகலத்தில் இத்துணை வேறுபாடு இருப்பின் விளைச்சலிலும் வேறுபாடு தோன்றுவது இயற்கை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, 16 ஜிகாபைட் ராம் வாங்குவோர் ஒரே 16ஆக வாங்காமல் இரண்டு 8களாக வாங்குதல் நன்று. இரண்டாவது, கார்டு வாங்கப் பணம் போதாதவர், ரைசன் 5 5600ஜி அல்லது 8600ஜி போன்று உள்ளமைந்த படப்பகுதியுடைய பிராசஸரை முதலில் வாங்கி, எளிய ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்து, பின்னர்க் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்டெல் பிராசஸர் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருப்பின் அதனுள் படப்பகுதி இல்லை. தனிக் கார்டின்றித் திரையில் ஒன்றும் தோன்றாது.

கார்டின் பெயரை மட்டும் கண்டு மயங்கலாகாது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு, மதர்போர்டுடன் 4 வழிகளால் மட்டுமே இணைகின்றது. அதனைப் பழைய, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 வகை மதர்போர்டில் பொருத்தினால் அவ்வழிகளின் வேகமும் பாதியாகிக் கார்டின் திறன் குன்றும். கார்டின் நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே எனின் புதிய ஆட்டங்கள் பல இடர்ப்படும். 8 ஜிகாபைட் இருத்தல் நலம்.

பொருந்துவனவும் பொருந்தாதனவும்

பிராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும். ஏ.எம்.4 குழியுடைய மதர்போர்டு டி.டி.ஆர்.4 ராமை மட்டும் ஏற்கும். 2022இல் வந்த ஏ.எம்.5 குழியுடையது டி.டி.ஆர்.5ஐ மட்டும் ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 குழியுடைய மதர்போர்டுகளில் இருவகையும் உண்டு. எவ்வகை என்பதைப் பெட்டியின்மேல் படித்தறிய வேண்டும். இரு ராம்களின் வெட்டுப்பள்ளமும் வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால், மாற்றிச் செருகுதல் இயலாது. வலிந்து அழுத்தினால் உடையும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை எஸ்.எஸ்.டி. ஒன்று இன்றியமையாதது. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில், வேண்டிய செய்தி ஊசியின்கீழ் வந்து சேர்வதற்கே சராசரி 4 மில்லி விநாடிக்கு மேலாகின்றது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லை.

மின்வழங்கி: சிக்கனம் கூடாத இடம்

கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் முதலான நேர்மின்சாரமாக மாற்றுகின்றது. இதனால் விளையாட்டின் வேகம் ஒரு படம்கூட உயராது. அதனாலேயே பலர் இதனைக் கடைசியில், மீந்த பணத்தில் வாங்குகின்றனர். ஆயினும் இது பழுதுற்றால் ஏனைய உறுப்புகளையும் உடன் அழிக்கக்கூடும். தீ விபத்துக்கும் இடமுண்டு.

இதன் தகட்டைப் படிக்கக் கற்பிப்பது ஆசிரியர் செய்யத்தக்க பெருந்தொண்டு. பெரிய எழுத்தில் 450 என்று அச்சிட்டிருப்பதைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. 12 வோல்ட் என்னும் கட்டத்தின்கீழ் எத்துணை ஆம்பியர் என்று காண வேண்டும். 16 ஆம்பியர் எனின், 12 × 16 = 192 வாட் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் உண்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தையே.

தேவையைக் கணக்கிடுவோம். மேற்கூறிய ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட் ஏற்கும். 65 வாட் எனக் குறிக்கப்பட்ட பிராசஸர் உச்ச வேலையில் சற்று மிகுதியாக ஏற்பதால் 80 எனக் கொள்வோம். பிறவற்றுக்கு 48 வாட் சேர்த்தால் மொத்தம் 260 வாட். கணநேர ஏற்றங்களையும் காலத்தால் வரும் தளர்ச்சியையும் கருதி 450 முதல் 550 வாட் வரையுள்ள தரமான வழங்கியைக் கொள்வது முறை. '80 பிளஸ்' என்னும் முத்திரை, ஏற்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவிகிதம் பயனாகின்றது என்பதைக் காட்டும்; பிரான்ஸ் வகையில் பாதிச் சுமையின்போது இது 85 சதவிகிதம். அத்தகைய வழங்கி 260 வாட் தருவதற்குச் சுவரினின்று ஏறத்தாழ 306 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 3 மணி நேரம் ஆடினால் 30 நாளில் சுமார் 27.5 யூனிட் செலவாகும். இதனையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

கிராமப்புறங்களில் மின்னழுத்தம் மாலை வேளைகளில் தாழ்வதுண்டு. தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று குறித்த வழங்கி இதனைத் தாங்கும். யூ.பி.எஸ். வாங்குவோர் வி.ஏ. என்னும் அளவையும் வாட் என்னும் அளவையும் ஒன்றெனக் கொள்ளலாகாது, 600 வி.ஏ. எனக் குறித்த கருவி பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும்.

எர்த் இணைப்பு

கணிப்பொறியின் உலோக உறையைத் தொட்டால் விரலில் 'சுரீர்' என்கிறது என்று பலர் முறையிடுவர். உறுப்பு பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உளர். உண்மைக் காரணம் சுவரில் இருக்கக்கூடும். மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்கென இரு மின்கம்பிகளுக்கும் உறைக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் உள்ளன. எர்த் இணைப்பு அறுந்திருப்பின், அவற்றின் நடுவே நிற்கும் உறை ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தை, அதாவது 115 வோல்ட்டை அடைகின்றது. பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் கூச்சம் மட்டுமே தெரியும். ஆயினும் இஃது ஓர் எச்சரிக்கை. வழங்கியின் உள்ளே காப்பு முறியும் நாளில், உயிரைக் காக்க வேண்டிய கம்பி அங்கு இராது. ஆகவே மூன்றாம் முள்ளை நீக்குதலும், இருமுள் இணைப்பியைப் பயன்படுத்துதலும் அறவே கூடா. யந்திரம் வாங்குமுன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் இணைப்பைச் சோதித்தல் வேண்டும்.

வெப்பமும் தூசியும்

விசிறி எதனையும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்க இயலாது. ஒரு சில்லு அறையைவிட 45 டிகிரி கூடுதலாக நிற்குமாயின், 25 டிகிரி அறையில் அது 70 டிகிரியை அடையும். மே மாதத்து நாகபுரியில் 42 டிகிரி அறையில் 87 டிகிரியை எட்டும். 90 முதல் 100 டிகிரி அளவில் சில்லுகள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைத் தாமே குறைக்கின்றன. கோடையில் மட்டும் ஆட்டம் தடுமாறுவதன் காரணம் பலவிடங்களில் இதுவே. எனவே, முகப்பு கண்ணாடியால் மூடப்பட்ட கேபினெட்டைத் தவிர்த்து, வலைமுகப்பும், முன்னே காற்றை இழுக்க ஒன்றும் பின்னே வெளியேற்ற ஒன்றுமாக இரு விசிறிகளும் உடையதைக் கொள்க. இராஜஸ்தான் போன்ற தூசி மிக்க பகுதிகளில் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி தேவை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலால் சன்னலோரம் வைத்தல் நன்றன்று.

பழைய பொருள்களும் ரசீதும்

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், அந்நாணயத்துக்கென இரவு பகலாக உழைத்த கார்டுகள் பல பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவது குற்றமன்று. ஆயினும் அரைமணி நேரமேனும் முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் நோக்கிய பின்னரே பணம் தருதல் வேண்டும். மின்வழங்கியை மட்டும் பழையதாக வாங்காதிருத்தல் நன்று. புதிய பொருள்களுக்கு வரிசை எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீது பெறுதல் அவசியம். ரசீதின்றி மலிவாகத் தருவதாகச் சொல்லும் கடையில் மிஞ்சும் பணம், உத்தரவாதத்தை இழப்பதால் வரும் நஷ்டத்துக்கு ஈடாகாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. ஆதலின் புதிய அமைப்பு விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இலவசமான லினக்ஸிலும் பல ஆட்டங்கள் இயங்கும். ஏமாற்றுத் தடுப்பு நிரலுடைய சில போட்டி ஆட்டங்கள் இயங்கா.

பூட்டும் முறை கடினமன்று. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கம்பளம் இல்லாத தரையில் அமர்ந்து, உறுப்புகளை எடுக்குமுன் உலோக உறையைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். டில்லியின் வறண்ட குளிர்காலத்தில் இஃது இன்னும் முக்கியம்.

வாய்ப்பாடு, ஓமின் விதி, சதவிகிதம், வெப்பம் பரவும் முறை என்று பள்ளியில் பயின்ற அனைத்தும் இச்சிறு பெட்டிக்குள் வேலைக்கு வருகின்றன. யோசனை கேட்டு வரும் மாணவனிடம் கடைப்பெயரையோ கம்பெனிப் பெயரையோ சொல்லி அனுப்புவதினும், ஒரு தாளைக் கொடுத்துத் திரையின் புள்ளிகளையும், கார்டின் வாட்டையும், வழங்கியின் ஆம்பியரையும் அவனே எழுதிக் கூட்டிப் பார்க்குமாறு செய்தல் சிறந்த உதவியாகும். அக்கணக்குத் தாளுடன் கடைக்குச் செல்பவனை ஏமாற்றுதல் எளிதன்று.