பனங்கள்ளும் பரீட்சைத் தாளும்

கிங்ஸ்பரியில் ஒரு தமிழ் இல்லம். உணவு மேசையின் ஒரு புறத்தில் ஏ லெவல் இரசாயனவியல் நூலை விரித்தபடி பேரன் அமர்ந்திருக்கிறான். மறு புறத்தில், யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் உயர்தர வகுப்புக்கு அதே பாடத்தைக் கற்பித்து ஓய்வுபெற்ற பாட்டனார். பாடம் ஒன்றாயினும் மொழி இரண்டு. பேரன் படிப்பது ஆங்கிலத்தில். பெரியவர் கற்பித்ததோ தமிழில். "எங்கட படிப்பு இங்க செல்லாது தம்பி" என்று கூறி அவர் ஒதுங்கிவிடுவதே வழக்கமாம்.

இந்நிலை அவ்வில்லத்திற்கு மாத்திரம் உரியதன்று. தாயகத்தில் விஞ்ஞானப் பிரிவில் பயின்ற எத்தனையோ தாய் தந்தையர் இங்கே கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் இரவு பகலாக உழைக்கின்றனர். பிள்ளையின் இரசாயனப் பாடத்திற்குப் பணம் கொடுத்து ஆசிரியரைத் தேடும் அவர்கள், தாம் கற்ற கல்வி ஆங்கிலம் அறியாதது என்ற ஒரே காரணத்தால் அதனைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டனர். அவ்வாறு பூட்டி வைக்கத் தேவையில்லை என்பதை அன்று மாலை நாம் நேரிற் கண்டோம்.

தமிழில் இரசாயனம் நேற்றுத் தோன்றியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிற்காலத்தில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். அவருடைய முயற்சியின் பயனாக "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் அச்சேறியது. மெண்டலீவ் தமது ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டு அப்போது ஆறு ஆண்டுகளே கடந்திருந்தன.

பேரன் தடுமாறிக்கொண்டிருந்தது அற்ககோல்களின் ஒட்சியேற்றத்தில். அவனை முதலிற் குழப்பியது பெயர். ஆங்கிலத்தில் எதனோல், எதனல் என்னும் இரண்டிற்கும் ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. முன்னையது அற்ககோல், பின்னையது அல்டிகைட்டு. எழுத்து மாறினால் மதிப்பெண் போய்விடும். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டார் எதனோலை "எத்தனால்" என்று எழுதுவர். நாம் காபன் என்பதை அவர்கள் கார்பன் என்பர். பெயர்கள் எவ்வாறாயினும் பொருள் ஒன்றே: காபன் சங்கிலி ஒன்றில் ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த ஐதரொட்சைல் கூட்டம் தொங்குமாயின் அஃது அற்ககோல்.

பெரியவர் நூலை மூடி வைத்தார். "கள்ளுமுட்டி கண்டிருக்கிறியோ?" என்று கேட்டார். இலண்டனில் பிறந்த பிள்ளை எங்கே கண்டிருக்கப் போகிறான்?

முட்டிக்குள் நிகழ்வது

பனம்பாளையைச் சீவி முட்டி கட்டினால் இனிய சாறு வடிகிறது. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சுக்குரோசு என்னும் வெல்லம் உண்டு. வளியிலும் பாளையிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் அதில் விழுந்தவுடன் வேலையைத் தொடங்குகிறது. அதன் ஒரு நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரிக்க, சைமேசு எனப்படும் நொதியத் தொகுதி அவற்றை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோசு முற்றாக நொதித்தால் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். முட்டியில் நுரை பொங்குவது அந்த வாயுவினாலேயே. பரீட்சைத் தாளில் அடிக்கடி வரும் கணக்கு இதுதான்.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நிலைமை வேறு. சாறு காரத்தன்மை அடைகிறது. மதுவத்தால் அதில் வாழ முடியாது. கள்ளுக்குப் பதிலாகக் கருப்பநீர் கிடைக்கிறது. காரச் சூழலில் சுக்குரோசு பிரியாமல் நிற்பதனாலேயே அதனைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்ய முடிகிறது. இதனைச் சீவல் தொழிலாளர் எந்த நூலிலும் படிக்கவில்லை. ஆயினும் காரமும் நொதியமும் பற்றிய பாடத்தை நாள்தோறும் மரத்தின் உச்சியில் செய்து காட்டினர்.

மதுவம் தானே ஆக்கிய அற்ககோலில் தானே மடிகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு சேர்ந்தவுடன் பெரும்பாலான மதுவங்கள் ஓய்ந்துவிடும். அதற்கு மேல் செறிவு வேண்டுமாயின் காய்ச்சி வடித்தல் வேண்டும். வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் கள்ளிலிருந்து சாராயம் வடிக்கப்பட்டதும் இம்முறையிலேயே. எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கிறது. நீர் 100 பாகையில். ஆயினும் எத்தனை முறை வடித்தாலும் ஏறத்தாழ 96 பங்குக்கு மேல் தூய்மை வராது. எஞ்சிய நீரை அகற்ற ஆய்வுகூடத்தில் சுட்ட சுண்ணாம்பு இடுவர். "பார், அங்கயும் சுண்ணாம்பு, இங்கயும் சுண்ணாம்பு" என்று பெரியவர் சிரித்தார்.

தொழிற்சாலைகள் வேறொரு வழியையும் அறியும். பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் எதீன் வாயுவை நீராவியுடன் கலந்து, 300 பாகை வெப்பநிலையிலும் ஏறத்தாழ 60 முதல் 70 மடங்கு வளிமண்டல அமுக்கத்திலும் பொசுபோரிக்கமில ஊக்கியின் மேற் செலுத்தினால் எதனோல் கிடைக்கும். இத்தாக்கத்தை மறுபுறம் திருப்பவும் முடியும். செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் ஏறத்தாழ 170 பாகைக்கு வெப்பமாக்கினால் எதனோல் நீரை இழந்து மீண்டும் எதீனாகிறது.

ஐதரசன் இருந்தால் மட்டுமே

கள்ளைத் திறந்து வைத்தால் சில நாட்களிற் புளித்து வினாகிரியாகிறது. பற்றீரியாக்கள் வளியின் ஒட்சிசனைக் கொண்டு எதனோலை எதனோயிக் அமிலமாக்கிவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் அதே வேலையை அமிலம் சேர்த்த பொற்றாசியம் இருகுரோமேற்று செய்கிறது. அதன் செம்மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். உருவாகும் எதனலை உடனுக்குடன் வடித்து வெளியேற்றினால் தாக்கம் அல்டிகைட்டுடன் நின்றுவிடும். ஆவி மீண்டும் குளிர்ந்து குடுவைக்குள்ளேயே விழும்படி நெடுநேரம் கொதிக்கவிட்டால் அமிலம் வரை செல்லும்.

பேரன் மனனம் செய்ய முயன்று தோற்ற இடம் இதற்கு அடுத்தது. முதல் அற்ககோல் அல்டிகைட்டைத் தரும். வழி அற்ககோல் கீற்றோனைத் தரும். புடை அற்ககோல் ஒன்றையும் தராது. ஏன்? பெரியவரின் விளக்கம் இரண்டு வரிகளில் முடிந்தது. ஒட்சியேற்றம் நிகழ, ஐதரொட்சைலிலிருந்து ஓர் ஐதரசனும் அதனைத் தாங்கும் காபனிலிருந்து ஓர் ஐதரசனும் வெளியேற வேண்டும். புடை அற்ககோலில் அந்தக் காபனைச் சுற்றி மூன்று காபன்கள். கொடுக்க ஐதரசன் இல்லை.

இந்நாட்டில் 1967ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம், வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் அற்ககோல் என எல்லை வகுத்தது. அக்காலத்தில் காவற்றுறையினர் ஊதச் சொன்ன கண்ணாடிக் குழாயினுள் இருந்ததும் இருகுரோமேற்றுப் பளிங்குகளே. பின்னர் மின்கருவிகள் வந்தன. அவற்றுட் பலவற்றிலும் மூச்சிலுள்ள எதனோல் ஒட்சியேற்றமே அடைகிறது.

எமது ஈரலிலும் இதுவே நிகழ்கிறது. ஐதரசனை அகற்றும் நொதியம் ஒன்று எதனோலை எதனலாக்க, மற்றொன்று அதனை எதனோயிக் அமிலத்தின் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. அதனை உடல் எரித்துவிடும். எதனோலில் இரண்டு காபன்கள். ஒரே காபனைக் கொண்ட மெதனோல் உள்ளே சென்றாலும் அதே நொதியங்கள் அதே வேலையையே செய்கின்றன. விளைவோ மெதனலும் மெதனோயிக் அமிலமும். இவ்வமிலம் உயிரணுக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலிற் பழுதடைகிறது. கொடுமை யாதெனில், குடித்தவருக்குப் பல மணி நேரம் வழமையான வெறியைத் தவிர வேறொன்றும் தெரியாது. கண் மங்கத் தொடங்கும்போது அமிலம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

2023 மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். 2024 யூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகருக்குச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் அறுவர் மெதனோல் நஞ்சினால் இறந்தனர். விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் எமது பிள்ளைகளின் வயதினரும் அவர்களுள் இருந்தனர். நாவினாலோ மூக்கினாலோ இரண்டையும் பிரித்தறிய இயலாது. கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்பதும் நம்பத்தக்கதன்று.

இதற்கான மருத்துவமும் இதே பாடத்தினுள் அடங்கியிருக்கிறது. அந்த நொதியம் மெதனோலைவிட எதனோலையே பெரிதும் நாடும். ஆகவே மருத்துவமனையில் அளவறிந்து எதனோலை ஏற்றினால், நொதியம் அதனுடன் ஈடுபட்டிருக்க, மெதனோல் மாறாமலே உடலைவிட்டு வெளியேறும். குருதிச் சுத்திகரிப்பு அதனை விரைவுபடுத்தும். போமெபிசோல் என்னும் மருந்து அந்நொதியத்தையே தடுத்து வைக்கிறது. எவ்வழியாயினும் காலம் தாழ்த்தாது மருத்துவமனையை அடைவதிலேயே கண்ணும் உயிரும் தங்கியுள்ளன. வீட்டில் தாமே மதுவைக் கொடுத்துப் பார்ப்பது வைத்தியமாகாது.

இடையில் ஒரு வார்த்தை. இந்நாட்டில் சொந்தப் பாவனைக்காக வீட்டில் வைன் புளிக்கவைக்கலாம். அனுமதிப்பத்திரமின்றிச் சாராயம் வடித்தல் குற்றம். ஊரில் கசிப்பு வடித்த அனுபவத்தைக் குசினியில் பரீட்சிக்க எண்ணுவோர், முக்கியமாக அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர், இதனை நினைவிற்கொள்வது நன்று.

பெரியவரின் கைக்கு இப்போது பென்சில் வந்திருந்தது. நான்கு காபன்களைக் கொண்ட அற்ககோல்கள் எத்தனை என்று கேட்டார். பேரன் சிறிது நேரம் யோசித்து, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு உருவங்களை வரைந்தான். "இதில எதைப் போட்டால் இருகுரோமேற்று செம்மஞ்சளாவே நிற்கும்?"

"நில்லுங்கோ அப்பப்பா, எண்ணிப் பார்க்கிறன்" என்றவன், ஒவ்வொரு காபனாக ஐதரசனை எண்ணிக்கொண்டு வந்து நான்காவதில் விரலை வைத்தான்.