சதையியின் காவற்புரதமும் பரம்பரையலகும்

மனித உடலில் உண்டாகும் நொதியங்களுள் அபாயம் மிக்கவை சதையியிற் பிறப்பனவாகும். நாம் உண்ணும் மீனையும் பருப்பையும் சமிக்கச் செய்யும் திரிப்சின், தன்னைத் தோற்றுவித்த உறுப்பையும் கரைத்துவிடும் ஆற்றல் வாய்ந்தது. சதையி தன்னைத் தானே சமிக்கும் நிலை பற்றி ஹான்ஸ் கியாரி என்னும் நோயியலறிஞர் 1896ஆம் ஆண்டிலேயே எழுதினார். எனினும் நம்மிற் பெரும்பாலோரிடத்து இது நிகழ்வதில்லை. ஏன் நிகழ்வதில்லை என்பதும், சிலரிடத்து மட்டும் ஏன் நிகழ்கின்றது என்பதும் இங்கு நாம் நோக்கவிருக்கும் வினாக்களாகும்.

திரிப்சின் சதையியில் திரிப்சினோசன் என்னும் செயலற்ற வடிவிலேயே ஆக்கப்படுகின்றது. முன்சிறுகுடலை அடைந்த பின்னரே அது செயல் பெறுதல் வேண்டும். ஆயினும் சிறிதளவு சதையியினுள்ளேயே செயல் பெற்றுவிடுவதுண்டு. இதனை அடக்குவதற்கெனச் சதையிக் கலங்கள் ஒரு நிரோதியைச் சுரக்கின்றன. காசலும் அவர்தம் குழுவினரும் 1948இல் மாட்டுச் சதையியிலிருந்து பிரித்தெடுத்த இப்புரதம், ஆய்வாளரிடையே இன்று ஸ்பிங்க்-1 என வழங்குகின்றது. மனிதரில் இதற்குரிய பரம்பரையலகு 5ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. முதலில் 79 அமினோவமிலங்களைக் கொண்ட சங்கிலியாக உருவாகும் இப்புரதம், முன்னுள்ள 23 நீக்கப்பட, 56 அமினோவமிலங்களுடன் முழுமை பெறுகின்றது.

இந்நிரோதி தொழிற்படும் முறை ஒரு பொறியை ஒத்தது. லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றை அடுத்துப் புரதத்தை வெட்டுவது திரிப்சினின் இயல்பு. நிரோதியின் 41ஆவது இடத்தில் ஒரு லைசின் நீட்டிக்கொண்டிருக்கின்றது. அதனை வெட்ட வரும் திரிப்சின் அங்கேயே சிக்கிக்கொள்கின்றது. ஆயின் இக்காவலுக்கும் எல்லையுண்டு. திரிப்சினோசன் முழுவதும் செயல் பெற்றால், அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே நிரோதியால் அடக்கவியலும். எனவே உடல் வேறொரு காவலையும் வைத்துள்ளது: திரிப்சினின் 122ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினினில் வெட்டு விழுந்தால் அது அழிவுறும் வழி திறக்கின்றது.

நோய் பற்றிய பரம்பரையியல் ஆய்வு இவ்விரண்டாவது காவலிலிருந்தே தொடங்கியது. சதையியழற்சி சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருதலைக் கொம்ஃபேட், ஸ்ரைன்பேக் ஆகியோர் 1952இல் எடுத்துக்காட்டினர். 1996இல் விற்கொம்பும் அவருடன் உழைத்தோரும், அத்தகைய குடும்பங்களில் மேற்கூறிய ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் ஹிஸ்ரிடின் இருப்பதைக் கண்டனர். இது ஆட்சியான விகாரம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதனைக் கொண்டோருள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் நோயுறுகின்றனர்.

நிரோதியின் பரம்பரையலகு இத்துணைத் தெளிவாகப் பேசவில்லை. 2000ஆம் ஆண்டில் விற்றும் குழுவினரும் நாட்பட்ட சதையியழற்சியுற்ற 96 சிறுவர்களையும் இளையோரையும் ஆராய்ந்து, அவர்களுள் 23 சதவீதத்தினரிடம் இப்பரம்பரையலகில் விகாரங்களைக் கண்டனர். அவற்றுட் பெரும்பாலானது, 34ஆவது இடத்தில் அஸ்பரஜினுக்குப் பதிலாகச் செரின் வருவதாகும். ஆனால் இதே மாற்றம் பொதுமக்களிடையே நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் காணப்படுகின்றது. அவர்களுட் பெருந்தொகையினர் நோயின்றியே வாழ்கின்றனர். மேலும், இம்மாற்றம் பெற்ற புரதத்தைத் தனியே ஆக்கிச் சோதித்தபோது, திரிப்சினை அடக்கும் ஆற்றலில் அது குறைவுபடவில்லை. இம்மாற்றத்துடன் சேர்ந்தே கடத்தப்படும் வேறொரு மாற்றம் நிரோதியின் உற்பத்தி அளவைக் குறைக்கின்றது எனப் பலர் கருதுகின்றனர். நிரோதி அறவே இல்லாதொழிந்தால் நேரும் விளைவு குறித்து ஐயமில்லை. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர் இதற்கு ஒத்த பரம்பரையலகை நீக்கிய எலிகள், பிறந்து ஏறத்தாழ இரு வாரங்களில் இறந்தன.

இவ்வறிவு நம் பிராந்தியத்தின் பழைய விவாதமொன்றைத் தொடுகின்றது. இளவயதிலேயே சதையியிற் கல்சியக் கற்களும் வயிற்றுவலியும் நீரிழிவும் தோன்றும் அயனமண்டலச் சதையியழற்சி, 1950களில் இந்தோனேசியாவின் வறியோரிடையே சூடெமாவினால் விவரிக்கப்பட்டது. கேரளத்தில் கீவர்கீஸ் பெருந்தொகையான நோயாளரை ஆராய்ந்தார். 1979இல் அவரும் மக்மிலனும் மரவள்ளியிலுள்ள சயனைட்டைக் காரணமாக முன்வைத்தனர். வறியோரின் உணவே அவர்தம் நோய்க்குக் காரணம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது. ஆனால் மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும், போஷாக்குக் குறையாதோரிடத்தும் இந்நோய் காணப்பட்டது. சதையி பழுதுற்றால் உணவு சமிபாடடையாது. ஆகவே நோயாளரின் மெலிவு பல வேளைகளில் நோயின் விளைவாகவே இருத்தல் கூடும். 2002இல் வெளியான ஆய்வுகள், இந்தியாவிலும் பங்களாதேசத்திலும் இந்நோயாளருட் கணிசமானோர் நிரோதியின் அதே 34ஆவது இடத்து மாற்றத்தைக் கொண்டிருந்தமையை வெளிப்படுத்தின.

இதனால் மரவள்ளியின் இடத்திற் பரம்பரையலகை அமர்த்திவிடலாமா? கூடாது என்பதே எமது கருத்து. இம்மாற்றத்தைக் கொண்ட நூற்றுவரில் ஒருவர்கூட நோயுறுவது அரிதெனின், அதனை விதி என்றழைப்பது பிழை. இது வாசலின் தாழ்ப்பாளைத் தளர்த்துகின்றது; கதவைத் தள்ளுபவை வேறு. பிற பரம்பரையலகுகளும் மதுவும் புகையும் அவற்றுள் அடங்கும். இன்னும் அறியப்படாத சூழற் காரணிகளுக்கும் இடமுண்டு. நோயாளரைக் குடிகாரர் என ஐயுறுவதும், அவருடைய குடும்பத்தைக் குறையுள்ள இரத்தம் என ஒதுக்குவதும் ஒரே தவறின் இரு முகங்களாகும். பரம்பரையலகில் ஒரு மாற்றம் காணப்பட்டது என்பதனால் மட்டும் திருமணத்திலோ தொழிலிலோ ஒருவரை விலக்குவதற்கு விஞ்ஞானம் எவ்வித ஆதாரமும் தரவில்லை. மாறாக, வலியால் வருந்தும் சிறுவரை நேரகாலத்தோடு இனங்காணவும், அவர்களுக்கு வேண்டிய நொதியங்களையும் இன்சுலினையும் தடையின்றிக் கிடைக்கச் செய்யவும் அது சமூகத்திற்கு வழிகாட்டுகின்றது. அவ்வழியில் இவ்வறிவைப் பயன்படுத்துதலே நமது கடமையாகும்.