கடற்பசுவை வரையச் சொல்லும் முன்

விஞ்ஞான விரிவுரையொன்றை ஒழுங்கு செய்வோர் மண்டபத்தைத் தேடுகின்றனர், ஒலிபெருக்கிக்குச் சொல்கின்றனர், பேச்சாளரின் பயணத்துக்கு வேண்டியதைச் செய்கின்றனர். திரையிற் காட்டவேண்டிய படத்தை மட்டும் முதல்நாள் இரவு இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றனர். பேச்சு நமது கடலின் உயிரினம் ஒன்றைப் பற்றியதாயின் இந்த அசட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சற்று விளக்க விரும்புகின்றோம்.

எழுவைதீவை எடுத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சென்றடையவேண்டிய, அனலைதீவுக்கு வடக்கே கிடக்கும் சிறு தீவு அது. அங்குள்ளோரின் வாழ்வு பெரும்பாலும் கடலையும் பனையையும் நம்பியது. அத்தீவின் பாடசாலை மண்டபத்தில் கடற்றொழிலாளர் முன்னிலையில் ஓர் ஆய்வாளர் கடற்பசுவைப் பற்றிப் பேசுகின்றார் என வைத்துக்கொள்வோம். வலையிற் சிக்கினால் அதனை உயிருடன் விட்டுவிடுங்கள் என்பதே அவர் சொல்லவந்த செய்தி. ஆனால், திரையில் தோன்றும் விலங்குக்குப் பனையோலை விசிறி போல வட்டமான வால். அது கடற்பசு அன்று. அமெரிக்கக் கரைகளிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் வாழும் மனாட்டி. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசுவின் வால் திமிங்கிலத்தின் வாலைப் போல இரு கவராகப் பிரிந்து, கிடையாக விரிந்திருக்கும். ஒரு தடவையேனும் அதனைக் கண்ட மனிதர் பின்வரிசையிலிருந்தே தவறைச் சொல்லிவிடுவார். அதன் பின்னர் ஆய்வாளர் எதைச் சொன்னாலும் எடுபடுமா?

இவ்விலங்கைப் பற்றிய தவறான சித்திரிப்பு இணையத்தோடு பிறந்ததன்று. 1560ஆம் ஆண்டில் மன்னாருக்கு அருகே மீனவர் இழுத்த வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு ‘கடல் மனிதர்’ அகப்பட்டதாக இயேசு சபையினரின் பழைய வரலாறு கூறுகின்றது. கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் மனிதருடையவற்றை ஒத்திருப்பதாகச் சொன்னாராம். அறுத்துப் பார்த்தவருக்கே அப்படித் தோன்றியிருந்தால், கேட்டு எழுதியவரையும் வரைந்தவரையும் குறைசொல்லிப் பயனில்லை. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இக்கதையைத் தமது நூலில் எடுத்துக்காட்டி, இவை கடற்பசுக்களே என விளக்கினார். 1847இல் மன்னாரில் கொல்லப்பட்ட ஒன்று கொழும்பில் அவரிடம் சேர்க்கப்பட்டது. நீளம் ஏழு அடிக்கு மேல். கற்பிட்டியில் இதனினும் பெரியவை பிடிபட்டதையும் அவர் குறித்திருக்கின்றார். ஆனால் தாய் தன் குட்டியை ஒரு துடுப்பால் மார்போடு அணைத்துப் பாலூட்டும் என்று எழுதியபோது அவரும் கடற்கன்னியின் நிழலை விட்டு முற்றாக விலகவில்லை. துடுப்பின் அடியில், ஏறக்குறைய நமது அக்குளுக்கு ஒப்பான இடத்தில் கடற்பசுவின் பால்முலைகள் இருப்பது உண்மை. அதிலிருந்து ஒரு பெண்ணுருவத்தை எழுப்பியது மனிதக் கற்பனை.

பார்த்து வரைவதற்கும் கேட்டு வரைவதற்கும் உள்ள தூரத்தை நன்கு அறிந்தவர்களும் இருந்தனர். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு 1612இல் கோவாவிலிருந்து வான்கோழி உள்ளிட்ட புதுமையான உயிரினங்கள் வந்தபோது, சொல்லால் எழுதிவைப்பது போதாதென்று கருதி, ஓவியரைக்கொண்டு அவற்றை வரைவித்தார். அவரது அவை ஓவியரான உஸ்தாத் மன்சூர் வரைந்த பறவைகளை இன்றைய பறவையியலாளரும் வியந்து பார்க்கின்றனர். 1777 தொடக்கம் கல்கத்தாவில் தலைமை நீதியரசரின் துணைவியார் மேரி இம்பே, பட்னாவைச் சேர்ந்த ஷெய்க் ஸைனுத்தீனையும் பவானி தாஸ், ராம் தாஸ் ஆகியோரையும் அமர்த்தித் தமது தோட்டத்திலிருந்த பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அப்படங்களை ஆதாரமாகக்கொண்டு ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜோன் லேதம் விஞ்ஞான விவரணம் எழுதினார். ஒரு முஸ்லிம் ஓவியரும் இரு இந்து ஓவியரும் தூரிகையால் எழுதியதை ஐரோப்பா சான்றாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் படங்களில் தம் பெயரைப் பொறித்திருந்தமையால்தான் இன்று நாம் அவர்களைப் பெயர்சொல்லி அழைக்க முடிகின்றது.

தரங்கம்பாடிக் கதை வேறு. அங்கு மதப்பணி புரிந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன், சோழமண்டலக் கரை மீன்களைப் பேர்லினிலிருந்த மார்க்கஸ் பிளொக்குக்கு அனுப்பிவைத்தார். 1782 முதல் 1795 வரை வெளியான பிளொக்கின் மீனியல் நூலில் 432 வண்ணப் படத்தகடுகள் உள்ளன. சாராயத்தில் ஊறி மாதக்கணக்கிற் கடல்கடந்து சென்ற மீனில் நிறம் நிலைப்பதில்லை. அதை வைத்து வரையும் ஓவியர் நிறத்துக்கு என்ன செய்வார்? ஆனால் ஜோன் ஒரு நல்ல காரியம் செய்தார். மீனோடு அதன் தமிழ்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். ஜோனியஸ் கருத்தா என்று 1793இல் பெயரிடப்பட்ட மீனில் கறுத்த கத்தாழை என்ற மீனவர் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. பேரினத்தின் பெயரில் ஜோன் நிற்கின்றார். அதைப் பிடித்துக் கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

இவற்றை மனதிற்கொண்டு, எழுவைதீவு விரிவுரைக்கு ஓர் ஓவியரிடம் படம் கேட்பது எப்படி எனப் பார்ப்போம். “ஒரு கடற்பசு வரைந்து தாருங்கள்” என்பது வேண்டுகோளே அன்று. படம் எதை விளக்கவேண்டும் என்பதை ஆய்வாளர் முதலில் தீர்மானிக்கவேண்டும். கடற்புல் மேய்வதைக் காட்டுவதாயின் கீழ்நோக்கி வளைந்த தடித்த மூஞ்சி முதன்மையானது. வலைச் சாவைப் பற்றிப் பேசுவதாயின் மூஞ்சியின் மேற்பக்கம் அமைந்த நாசித் துவாரங்களே முதன்மையானவை. இது மீன் அன்று. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்கவேண்டிய பாலூட்டி. வலை அதனைக் கீழே பிடித்துவைத்தால் மூச்சுமுட்டி இறந்துவிடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு குட்டி ஈனும் உயிரினத்துக்கு ஒவ்வொரு சாவும் பேரிழப்பு. இந்த ஒரு செய்தியைப் படமே சொல்லிவிடுமாயின் பேச்சாளரின் வேலையிற் பாதி முடிந்துவிடும்.

அடுத்தது ஆதாரம். பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்கள், உடலளவுகள், இயலுமாயின் மண்டையோடு ஆகியவை ஓவியரின் கையிற் சேரவேண்டும். கரையொதுங்கிய உடலை மட்டும் நம்பலாகாது. அது ஊதி, தோல் உரிந்து, உருமாறிப் போயிருக்கும். ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமான விலங்கின் பருமன் பார்வையாளருக்குப் புரிய, அருகே ஒரு வள்ளத்தை வரைந்துவிட்டாற் போதும். நூலுக்கான நுண்கோடுகள் மண்டபத்தின் கடைசி வரிசைக்குத் தெரியா. விரிவுரைப் படத்தில் கோடு தடிப்பாகவும் குறிப்புகள் சிலவாகவும் இருத்தல் நன்று.

பென்சில் வரைவு முடிந்ததும் இருவர் பார்க்கவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. ஒருவர் ஆய்வாளர். மற்றவர், அவ்விலங்கைக் கடலிற் கண்ட தொழிலாளி. முதுகு எவ்வளவு நேரம் நீருக்கு மேல் தெரியும், எவ்வாறு அமிழும் என்பவற்றை ஆய்வுக்கட்டுரை படித்தவரைவிட அவர் நன்கறிவார். வண்ணம் தீட்டிய பின்னர் வாலை மாற்றச் சொல்வது ஓவியருக்குச் செய்யும் அநியாயம். இந்நாளிற் செயற்கை நுண்ணறிவைக்கொண்டு நொடியிற் படம் பெறுவோரும் உளர். வால் ஏன் இப்படி என்று கேட்டால் எதைப் பார்த்து வரைந்தேன் எனக் காட்ட அங்கே ஓவியர் இல்லை என்பதே அதிலுள்ள இடர்.

பெயர் எழுதும் இடத்திலும் கவனம் வேண்டும். தமிழில் கடற்பசு என்கின்றோம். பாக்கு நீரிணையின் இந்தியக் கரையில் ஆவுளியா என்பர். சிங்களப் பெயரோ கடற்பன்றி எனப் பொருள்படும். அதனை அப்படியே மொழிபெயர்த்து எழுதினால், முஸ்லிம் தொழிலாளரும் அமர்ந்திருக்கும் அவையில் சிலர் படத்தைப் பார்க்குமுன்பே முகம் சுளிக்கக்கூடும். பன்றியோடு அதற்கு உறவேதும் இல்லை. யானையே அதன் தூரத்து உறவு. கடற்பசுவென்றும் ஆவுளியாவென்றும் இரு பெயரையும் எழுதுவதே தகும்.

கூலியைப் பற்றிப் பேச நம்மவர் கூசுவர். ‘பொதுக் காரியந்தானே’ என்று இலவசமாகக் கேட்கும் வழக்கம் கைவிடப்படவேண்டும். தொகை, தவணை, எத்தனை தடவை திருத்தம், விரிவுரைக்கு அப்பால் சுவரொட்டியிலோ நூலிலோ பயன்படுத்தலாமா என்பன எழுத்தில் இருக்கட்டும். ஆக்கியோனின் பெயர் ஆக்கத்தில் இடம்பெறும் உரிமையை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டில் ஏற்றிருக்கின்றது. ஆகவே ஓவியரின் பெயர் படத்தின் கீழ் வரவேண்டும். வரைவைப் பார்த்து வாலைத் திருத்திய தொழிலாளி சம்மதித்தால் அவர் பெயரும் அதன் பக்கத்தில் வரட்டும். விரிவுரை முடிந்ததும் ஒரு பிரதியைத் தீவின் பாடசாலையிலேயே விட்டுவரலாம். வலையிழுக்கப் போகும் அடுத்த தலைமுறை அங்குதான் படிக்கின்றது.