புகுந்த மண் – 17: நாலு லட்சம் ரூபாய் உப்பு

ஐனோ கல்லாஸைச் சென்ற வாரம் லண்டனில் விட்டோம். பின்லாந்தில் பிறந்து, எஸ்தோனியருக்கு வாழ்க்கைப்பட்டு, எஸ்தோனியக் குடியானவர்களின் கதையைப் பின்னிஷ் மொழியில் எழுதியவர். மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

மிச்சக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கணவர் ஆஸ்கர் கல்லாஸ் 1922 முதல் 1934 வரை லண்டனில் எஸ்தோனியத் தூதர். 1924இல் ஐனோவின் 'வெள்ளைக் கப்பல்' கதைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதிக் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் கால்ஸ்வர்தி. 1944இல் சோவியத் படை எஸ்தோனியாவுக்குத் திரும்பியதும் இருவரும் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஆஸ்கர் 1946இல் அங்கேயே காலமானார். ஐனோ 1953இல் ஹெல்சிங்கி திரும்பி, தன் நாட்குறிப்புகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவிட்டு, 1956 நவம்பரில் கண்மூடினார். நாட்குறிப்பில் கவிஞர் எய்னோ லெய்னோ மீது கொண்ட காதலையும் ஒளிக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு தூதர் மனைவி இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இந்த வாரம் ராஜம் கிருஷ்ணன், அதிலும் 'குறிஞ்சித் தேன்' என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிதான் நிறைவேறும். உப்பு குறுக்கே வந்துவிட்டது.

ஐனோவுக்குப் பக்கத்தில் வைக்கத் தமிழில் ஒரு பெண் உண்டென்றால் அது ராஜம் கிருஷ்ணன்தான். 1925இல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவருக்கு எங்கே மாற்றலோ அங்கே இவருக்கும் அடுப்பு. அப்படித்தான் நீலகிரிக்குப் போனார். போனவர் குளிருக்குக் கம்பளி பின்னிக்கொண்டு உட்காரவில்லை. படகர்களின் ஹட்டி எனப்படும் ஊர்களுக்குள் போய், பேசி, பழகி, 1963இல் 'குறிஞ்சித் தேன்' நாவலைக் கொடுத்தார். ஐனோவும் இதைத்தான் செய்தார். நாட்டுப்பாடல் திரட்டும் கணவர் பின்னால் தார்த்து நகரத்துக்குப் போய், அந்த மண்ணின் பழைய துயரத்தைத் தன் எழுத்துக்கு எடுத்துக்கொண்டார்.

இதுவரை இரண்டு பேரும் ஒரே பாதை. அதற்கப்புறம் ராஜம் கிருஷ்ணன் ஒரு படி மேலே போனார் என்பது என் கட்சி. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர் ('முள்ளும் மலர்ந்தது'), தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் ('கரிப்பு மணிகள்'), சிவகாசிச் சிறுவர்கள் ('கூட்டுக் குஞ்சுகள்'), கழனிக் கூலிகள் ('சேற்றில் மனிதர்கள்') என்று எழுதிய காலத்தில், கணவருக்கு வந்த மாற்றல் உத்தரவு அவரை எங்கும் அழைத்துப் போகவில்லை. எந்த ஊர், எந்த ஜனம் என்பதை அவரே தீர்மானித்தார். மாற்றலில் கற்ற வித்தை, மாற்றல் நின்ற பிறகும் அவரைக் கைவிடவில்லை.

'கரிப்பு மணிக'ளைப் படித்தால் அந்த வித்தை என்ன என்பது தெரியும். தாயில்லாத பொன்னாச்சி பிழைக்க வழியின்றி அளத்து வேலைக்குப் போகிறாள். நாம் அவள் கூடவே பாத்தியில் இறங்குகிறோம். உப்புத் தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி வெயிலில் சுண்டவைக்க வேண்டும். பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கல்லாக இறுக்க வேண்டும். சுண்டிய நீரைப் பாய்ச்சி, மணி கட்டியதும் பலகையால் வாரி வரப்பில் ஏற்ற வேண்டும். அதைப் பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை, நடுவில் கண். பாத வெடிப்பில் உப்பு இறங்கும் எரிச்சல் இருக்கிறதே, அது நூலகத்தில் உட்கார்ந்து எழுதினால் வராது. குறையும் சொல்லிவிடுகிறேன்: சில இடங்களில் பாத்திரங்கள் மேடை ஏறிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

நான் இருக்கும் புதுச்சேரிச் சுத்துக்கேணிக்கும் கடலுக்கும் வெகு தூரம். சங்கராபரணித் தண்ணீர் எங்கள் வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்குப் போகிறது. கரும்பும் நெல்லும் பேசும் ஊர், உப்பைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. எங்கள் தெரு ஆயாவிடம், "அந்தக் காலத்துல உப்பு எங்கேர்ந்து வரும் ஆயா?" என்று கேட்டேன். "மரக்காணத்துலேர்ந்துதான் தம்பி. வண்டியில வரும், படியால அளப்பான். நெல்லு குடுத்துத்தான் வாங்குவோம், காசுக்கு எங்க போறது?" என்றார்.

மரக்காணம் அன்று பிரிட்டிஷ் பக்கம், நாங்கள் பிரெஞ்சுப் பக்கம். கடலை ஒட்டி இருக்கும் புதுச்சேரிக்கு அடுத்த சீமை உப்பு எதற்கு? இந்தக் கேள்வியில்தான் என் வாரம் முழுவதும் கரைந்தது. விடை 1815 மார்ச்சில் இருக்கிறது.

நெப்போலியன் சண்டை ஓய்ந்து, இந்தியாவில் பறிபோன ஊர்களைப் பிரான்ஸ் திரும்பப் பெறும் நேரம். உப்பு என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொழுத்த வருமானம். நடுவில் ஒரு பிரெஞ்சுத் துண்டு நிலத்தில் மலிவாக உப்பு விளைந்தால் அது இரவோடு இரவாக எல்லை தாண்டி வந்துவிடும். இங்கே எல்லை என்பது ஒரு வரப்புதானே! அதனால் லண்டனில் உட்கார்ந்து உடன்படிக்கை எழுதினார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை பிரிட்டிஷாருக்கே, பதிலுக்கு ஆண்டுதோறும் நாலு லட்சம் சிக்கா ரூபாய். அதுவும் போதவில்லை. 1818இல் இன்னொரு உடன்படிக்கை போட்டு, சோழமண்டலக் கரையிலிருந்த பிரெஞ்சு அளங்களில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தினார்கள். அளத்துச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4000 நட்சத்திர வராகன்.

அதாவது, உப்பு விளைக்காமல் இருப்பதற்குச் சம்பளம்! வேதாரண்யத்தில் 1930இல் உப்பு அள்ளியதைப் பள்ளியில் எல்லோரும் படித்தோம். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு வருடம் முன்பே நம் கரையில் பாத்தியைக் காயப்போட்டார்கள் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ரூபாய் அரசாங்கத்துக்குப் போயிற்று, வராகன் சொந்தக்காரனுக்குப் போயிற்று. பாத்தி மிதித்த காலுக்கும் பலகை பிடித்த கைக்கும் என்ன போயிற்று? நம் கரைக்கு ஒரு ராஜம் கிருஷ்ணன் வாய்த்திருந்தால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பக்கம் தீர்ந்துகொண்டே வருகிறது. 'குறிஞ்சித் தேன்' அடுத்த வாரம்தான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் பூவையும், கனடா உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அவசரப்பட முடியாது.

ராஜம் கிருஷ்ணனின் கடைசிக் காலத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எழுதிக் கடக்க வேண்டிய பகுதி அது. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், கணவர் போன பிறகு, நம்பியவர்களிடம் பணத்தை இழந்து முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009இல் தமிழக அரசு அவர் உயிரோடிருக்கும்போதே நூல்களை நாட்டுடைமையாக்கி மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தது. இந்த மரியாதை வழக்கமாகச் செத்த பிறகுதான் வரும். 2014 அக்டோபரில் காலமானார். ஐனோவின் எழுத்துகள் பொதுச்சொத்தாவது 2027 ஜனவரி முதல் தேதி. அந்த வகையில் நம்மவர் முந்திக்கொண்டார்.

நாட்டுடைமை என்பதால் 'கரிப்பு மணிகள்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த வாரத்துக்குள் படித்துவையுங்கள். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்து வீடுகளில், பிரெஞ்சுக்காரன் காலத்தில் உப்பு என்ன விலை விற்றது, யார் கொண்டுவந்து விற்றார்கள் என்று நினைவுள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

(தொடரும்)