எலும்பா, கொழுப்பா? குருத்தணுக்களின் பாதையும் நீரிழிவு மருந்துகளும்

எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில், எலும்பாகவோ, குருத்தெலும்பாகவோ, கொழுப்பாகவோ மாறக்கூடிய ஒருவகை ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், காணப்படுகின்றன. அவை எந்தப் பாதையில் செல்கின்றன என்பது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் கேள்வி அல்ல. நீரிழிவுக்காக மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் கருதப்படுகிறது.

குருத்தணுக்களைக் கொழுப்பணுக்களாக மாற்றுவது ஆய்வாளர்களுக்கு இன்று வழமையான பணி. இன்சுலின், டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, மேலும் சில வேதிப்பொருட்கள் கலந்த திரவத்தில் அவை வளர்க்கப்படுகின்றன. இரண்டு, மூன்று வாரங்களில், நீண்டு மெலிந்திருந்த செல்கள் உருண்டு திரண்டு, அவற்றின் உள்ளே எண்ணெய்த் துளிகள் தோன்றுகின்றன.

இந்தக் கலவை இறுதியில் செய்வது, செல்லின் உட்கருவில் உள்ள பிபிஏஆர் காமா என்ற புரதத்தைத் தூண்டிவிடுவதே. இப்புரதத்தின் ஆற்றலை அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஸ்பீகல்மனின் குழு 1994 ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. வழக்கமாகக் கொழுப்பாக மாறாத இணைப்புத்திசு செல்களில் அதனைப் புகுத்தித் தூண்டியபோது, அவையும் கொழுப்பணுக்களாயின. கொழுப்பை உள்வாங்கிச் சேமிப்பதற்கான மரபணுக்களை இப்புரதம் இயக்குகிறது. அதேவேளை எலும்பு உருவாக்கத்தை வழிநடத்தும் ரன்எக்ஸ்2 என்ற புரதத்தின் செயற்பாடு தணிகிறது. ஒரு கதவு திறக்கையில் மற்றது மூடுகிறது எனலாம்.

வேதிப்பொருட்கள் மட்டுமே இதனைத் தீர்மானிப்பதில்லை. பரந்து படர இடம் கிடைத்த குருத்தணுக்கள் எலும்பின் பக்கமும், குறுகிய இடத்தில் உருண்டு கிடந்தவை கொழுப்பின் பக்கமும் சென்றதை, 2004 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

நீரிழிவு நோய்க்கான கிளிட்டசோன் வகை மருந்துகள் பிபிஏஆர் காமாவையே தூண்டுகின்றன. ஆனால் இம்மருந்துகள் உருவாக்கப்பட்ட காலத்தில் இது தெரிந்திருக்கவில்லை. 1995 ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. கொழுப்பணுக்களைக் கூட்டும் மருந்து நீரிழிவைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். இருக்கும் கொழுப்பணுக்கள் நிரம்பி வழிந்தால், மிகுதி கொழுப்பு கல்லீரலிலும் தசைகளிலும் படிந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. புதிய சிறிய கொழுப்பணுக்கள் அதனை ஏற்றுக்கொள்கின்றன. நோயாளியின் உடல் எடை கூடுகிறது, சர்க்கரை குறைகிறது.

விலை எலும்பில் தெரிந்தது. 4,000க்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ரோசிகிளிட்டசோன் உட்கொண்ட பெண்களில் 9 சதவீதமானவர்களுக்கு எலும்பு முறிவு ஏற்பட்டது. மெட்ஃபார்மின் உட்கொண்ட பெண்களில் இது சுமார் 5 சதவீதம். ஆண்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. 2010 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ரோசிகிளிட்டசோன் நிறுத்தப்பட்டது. அதற்கு எலும்பு அல்ல, இதயம் குறித்த அச்சமே காரணம். அதே வகையைச் சேர்ந்த பயோகிளிட்டசோன் இந்தியா உட்பட பல நாடுகளில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எலும்பு முறிவு குறித்த எச்சரிக்கை அதற்கும் உண்டு.

பிபிஏஆர் காமாவை முழுமையாகத் தூண்டாமல், அதன் ஒரு பகுதியில் நிகழும் வேதி மாற்றத்தை மட்டும் தடுத்தால் சர்க்கரை குறையும் என்று 2010 ஆம் ஆண்டு ஸ்பீகல்மனின் குழு தெரிவித்தது. இது எலிகளில் பலனளித்தது.