டியூ முடிந்த வண்டி

ஒரு டி-சர்ட் உருவாவதற்குள் துணி திருப்பூரையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல் எல்லாம் பெரும்பாலும் வேறு வேறு இடங்களில். நடுவில் நடை அடிப்பவை பொலிரோ பிக்கப், தோஸ்த், நாம் ‘குட்டி யானை’ என்று கூப்பிடும் டாடா ஏஸ். ஏஸ் வந்தது 2005-இல். அந்தக் காலத்து வண்டிக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது.

ஊருக்குள் ஓடும் வண்டியின் கிலோமீட்டரை நம்பக்கூடாது. மங்கலம் ரோட்டில் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரிலேயே ஊர்ந்தால் மீட்டர் ஏறாது, கிளட்ச் பிளேட்தான் தீரும். துணி ரோல் ஒன்று சுமார் 20, 25 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு 30 ரோலே அதிகம். ‘இன்னும் நாலுதானே, போடுங்கண்ணா’ என்று ஏற்றியதெல்லாம் பின்பக்கப் பட்டையில் தெரியும். சாயப்பட்டறைக்கு உப்பு மூட்டை ஏற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், தளத்தகடே துருவாக உதிரும்.

பட்டறைச் செலவையாவது தள்ளிப்போடலாம். காகிதச் செலவு காத்திருக்காது. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷம் தவறாமல் எஃப்சி. 15 வயது தாண்டிய இலகுரக வண்டிக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 7,500 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் 20 வயது தாண்டியவற்றுக்கு 15,000 ஆக்கினார்கள். அதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், லைட் என்று ஆகும் ‘எஃப்சி வேலை’ தனி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. ஏழரை டன் வரையிலான சரக்கு வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்தது 16,049 ரூபாய், வரி தனி. ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டிக்கும் அதேதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் விற்க மனம் வருவதில்லை? பாசம் என்பார்கள். எனக்கென்னவோ அது கணக்காகத்தான் படுகிறது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதும் ஆர்டர்கள் தயங்கின. கம்பெனி தயங்கினால் வண்டிக்கு நடை இல்லை. டியூ உள்ள வண்டி சும்மா நின்றாலும் மாதாமாதம் பணம் கேட்கும். டியூ முடிந்த பழைய வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆபத்து, ஆர்டர் நிறைய இருக்கும்போதுதான். ஷிப்மென்ட் நாளில் வண்டி நடுரோட்டில் நின்றால் போவது ஒரு நடை வாடகை அல்ல, அந்தப் பார்ட்டியே போய்விடும். அதனால் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, பனியன் கம்பெனிகளுக்கு லீவு. என்ன, ஸ்பேர் கடையும் அன்றைக்குப் பாதி ஷட்டர்தான் திறந்திருக்கும்.