தலைச்சுமைக்கு எத்தனை மூச்சு?

உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவிட்டால் சுமார் 5 கிலோ கலோரி எரிந்ததாக அர்த்தம். உழைப்பை அளப்பவர்களின் அடிப்படைக் கணக்கு இதுதான். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாய்வழியே விடும் மூச்சைப் பையில் பிடித்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பைக்கு டக்ளஸ் பை என்று பெயர், 1911-இல் வந்தது.

கென்யாவின் லூவோ பெண்கள் தலையிலும், கிக்குயு பெண்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகிலும் சுமப்பவர்கள். அவர்களைச் சுமையோடு நடக்கவிட்டு அளந்த ஆய்வு ஒன்று 1986-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. உடல் எடையில் 20 சதவீதம் வரை ஏற்றியும் ஆக்சிஜன் செலவு கூடவில்லை! 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 10 கிலோ சுமை இனாம் என்று ஆகிறது. அதற்கு மேல் ஏற்றினால்தான் செலவு ஏறியது. காரணம் 1995-இல் தெரிந்தது. நடக்கும்போது உடல் ஊசல்போல ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் சேரும் ஆற்றலில் ஒரு பங்கு அடுத்த அடிக்கு உதவுகிறது. சுமையேறியதும் இந்தப் பெண்கள் அந்த ஆற்றலை இன்னும் சிக்கனமாகக் கைமாற்றுகிறார்கள்.

'அவங்களுக்குப் பழகிப்போச்சு' என்று சொல்லிவிட இது வசதியான ஆதாரம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் அப்படியொரு சலுகை பொதுவாகத் தென்படவில்லை. ஆளுக்கு ஆள் கணக்கு மாறியது. தலையில் சுமந்தபோது கழுத்து வலித்ததும் பதிவானது. மூச்சுப் பையில் கழுத்துவலி விழாது, பாருங்கள்.

நம்மூர் நடவும் இப்படித்தான். முதுகை வளைத்தபடியே நிற்கும்போது இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களையே நெருக்குகிறது. தசை களைக்கிறது, நாடி ஏறுகிறது. ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கலோரிக் கணக்கை மட்டும் பார்த்தால் நடவு, அது உண்மையில் இருப்பதைவிட இலேசான வேலையாகத் தெரியும். அதனால்தான் நெஞ்சில் நாடிப்பட்டையும் கட்டி, உடல் படத்தில் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லியும் கேட்கிறார்கள்.

இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் அடி எண்ணும் பட்டையை நம்பலாமா? இடுப்புக் குடத்தைச் சுற்றிப் பிடித்த கை வீசாது, அடிகள் விட்டுப்போகும். குடம் நிறைந்ததா, காலியா என்பதும் அதற்குத் தெரியாது. தொடையில் கட்டும் கருவி தொடையின் சாய்வை வைத்து நிற்பதையும் உட்காருவதையும் பிரிக்கிறது. கடலைக்காட்டில் குத்துக்காலிட்டுக் களை வெட்டுகிறவரை அது 'உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதிவைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.